திங்கட்கிழமை யார் இருக்கிறார்கள்?

எங்கள் தெருவில் இப்போது வாடகைக்கு வீடு கிடைக்காது. ரூம் கிடைக்கும். அதுவும் வெள்ளி, சனி இரவு என்றால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, ஈஸ்வரன் கோவில் தெருவுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது எங்கள் தெரு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியுமாக, பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுன். இந்தப் பக்கம் தாழ்வாரமும் திண்ணையுமாக நாங்கள். ரொம்ப காலம் டூரிஸ்டுகள் வாய்க்காலோடு நின்றார்கள். கோவிலுக்கோ பாரதியார் வாழ்ந்த வீட்டைப் பார்க்கவோ வந்தால் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். இப்போது தங்குகிறார்கள். அந்தப் பக்கம் இடமில்லாமலும் விலை கட்டுப்படியாகாமலும் போனதால், 'பழைய தமிழ் வீட்டில் தங்கும் அனுபவம்' என்று எங்கள் முற்றங்களையே ஆப்பில் விற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

என் ஒன்றுவிட்ட தங்கையின் மகளுக்கு நகரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்தது. பெற்றோர் கடலூர் முதுநகர். எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஒரு போர்ஷன் பார்க்கலாம் என்று கிளம்பினோம். புரோக்கர் எங்களைப் பாவமாகப் பார்த்தார். "மாச வாடகைக்கா மேடம்? இங்கல்லாம் இப்ப யாரும் விடறதில்ல. எல்லாம் டெய்லி ரென்ட்டுக்குப் போவுது. லாஸ்பேட்டை பாருங்க, பட்ஜெட் கம்மின்னா வில்லியனூர்." வில்லியனூரில் தனியாக இருப்பதற்கு அம்மா வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று அவள் முடிவு செய்தாள். தினமும் காலையில் கடலூரிலிருந்து பஸ். அவள் பார்க்க ஆசைப்பட்ட வீட்டின் வாசலில் இப்போது எண் போட்டுத் திறக்கும் சின்னப் பூட்டுப்பெட்டி தொங்குகிறது. உள்ளே சாவி. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று எங்களுக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்கும் ஆப்பில் பார்த்தால்தான் தெரியும்.

வாடகை வீட்டுக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு சாதாரணமானதில்லை. 1908-ல் பிரிட்டிஷ் போலீசுக்குத் தப்பி வந்த பாரதி, 1918 வரை இங்கே இருந்தது வாடகை வீடுகளில்தான். அவர் வீட்டுக்காரரான விளக்கெண்ணெய்ச் செட்டியார் வாடகை கேட்க வருவார், உட்கார்ந்து பாட்டைக் கேட்பார், வந்த விஷயத்தைச் சொல்லாமலே எழுந்து போய்விடுவார் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். 1910-ல் அரவிந்தர் வந்தார், வ.வே.சு. ஐயர் வந்தார். வந்தவர்களுக்கெல்லாம் தலைக்கு மேல் ஒரு கூரை கிடைத்தது. செட்டியாரை மாதிரி வீட்டுக்காரர் இன்று வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மாதம் பிறந்தால் ஒழுங்காக வாடகை தருகிற ஆசிரியைக்கு ஒரு வீடு, அவ்வளவுதான்.

சரி, டூரிஸ்ட் வரவே கூடாது என்கிறேனா? இல்லை. இந்த ஊரில் அப்படிப் பேசினால் அது பொய்க்கோபம். என் அப்பா காலத்தில் 'மில்லுல வேலை' என்றால் பெண் கொடுப்பார்கள். ரோடியர் மில் என்று நாங்கள் சொல்லும் ஏஎஃப்டி மில் 1898-ல் தொடங்கியது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்ட இடம். பல வருடம் இழுத்துக்கொண்டு கிடந்து 2020-ல் மூடியேவிட்டார்கள். அதன்பிறகு படிப்பு அதிகம் இல்லாத ஆளுக்கு நகரத்துக்குள் என்ன வேலை இருக்கிறது? ஆட்டோ, ஸ்கூட்டர் வாடகை, ஓட்டல் சமையல்கட்டு, ரூம் சுத்தம் பண்ணுவது, படுக்கை விரிப்பு வெளுப்பது. என் சொந்தத்திலேயே மூன்று குடும்பம் சனி, ஞாயிறை நம்பித்தான் இருக்கிறது. காலை பஸ்ஸில் பாகூரிலிருந்தும் கண்டமங்கலத்திலிருந்தும் வந்து இறங்குகிற பெண்களில் பலர் இந்த அறைகளைக் கூட்டித் துடைக்கத்தான் வருகிறார்கள். வேலை இங்கே, வீடு எங்கோ. அவர்களில் சிலருடைய தாய்வீடு பழைய நாளில் இந்தத் தெருக்களில்தான் இருந்தது.

வீட்டுக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். கீழ்வீட்டை மாத வாடகைக்கு விட்டால் 15,000 ரூபாய் என்று வையுங்கள். அதே வீட்டை ராத்திரிக்கு 4,000 என்று விட்டால், மாதத்தில் எட்டு வார இறுதி இரவுகளிலேயே 32,000 வந்துவிடும். மீதி நாள் பூட்டிக் கிடந்தாலும் நஷ்டமில்லை. இது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி பயம். குடிவைத்தால் காலி பண்ண மாட்டார்கள் என்ற பயம் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களின் ரத்தத்திலேயே ஊறிப்போனது. 1969-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், கோர்ட்டு, வாய்தா, வருடக்கணக்கில் பழைய வாடகையிலேயே இருந்த கடைக்காரர் கதை என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று சொல்வார்கள். இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறவர் உரிமை கொண்டாட மாட்டார். அப்புறம் பாகப்பிரிவினை. அண்ணன் தம்பி நான்கு பேர், ஒருத்தர் பாரிஸ், ஒருத்தர் சென்னை, பிரித்துக்கொள்ளவும் முடியவில்லை, விற்கவும் மனம் வரவில்லை. வார இறுதிக்கு விட்டால் வருவதை நாலாகப் பங்கு போட்டுக்கொள்ளலாம். பத்திரம் அப்படியே பெட்டியில் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீட்டைப் பராமரிப்பது யானையைக் கட்டித் தீனி போடுவதுதான். தேக்கு உத்திரம் உளுத்தால் மாற்ற வேண்டும், சுண்ணாம்புத் தளம் போட ஆள் தேட வேண்டும். வருமானம் இல்லாவிட்டால் இடித்துவிட்டு நாலுமாடி கட்டுவார்கள். அப்படி இடிபட்டவை ஏராளம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டின நகராட்சிக் கட்டடமான மேரி கட்டடமே கவனிப்பு இல்லாமல் கிடந்து 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. புதிதாக அதே உருவில் கட்டி எழுப்ப 2021 ஆகிவிட்டது. அரசாங்கக் கட்டடத்துக்கே அந்தக் கதி. ரூம் வாடகை வந்ததால் பிழைத்துக்கொண்ட வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. வைசியாள் தெருவில் முகப்புகளைப் பழையபடி சீர்செய்ததற்கு 2008-ல் யுனெஸ்கோ விருதே கிடைத்தது. முகப்பைக் காப்பாற்ற இன்டாக் என்ற பாரம்பரிய அமைப்பு இருக்கிறது, பாரம்பரியக் கட்டடப் பட்டியல் இருக்கிறது, சுவருக்கு எந்த நிறம் என்று சொல்ல ஆள் இருக்கிறது. அந்தச் சுவருக்குப் பின்னால் திங்கட்கிழமை யாராவது குடியிருக்கிறார்களா என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

எதிர்வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். கணவர் மில் தொழிலாளி, இறந்துவிட்டார். மகன் பெங்களூரில். மாடியில் இரண்டு அறையை ஹோம்ஸ்டே என்று விடுகிறார். கீழே அவரே இருக்கிறார். வருகிறவர்களுக்குக் காலையில் இட்லி, கெட்டிச் சட்னி. ராத்திரி பத்து மணிக்கு மேல் பாட்டு கேட்டால் மாடிப்படியில் நின்று ஒரு குரல் கொடுப்பார், அடங்கிவிடும். குப்பையை அவரே தரம் பிரித்து வண்டியில் போடுகிறார். வெளிநாட்டுக்காரர் யாராவது தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசாங்கத்திடம் பதிய வேண்டும் என்பதற்காக, அந்த வயதில் கம்ப்யூட்டர் பழகிக்கொண்டார். அவரால் தெருவுக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் அந்தப் பூட்டுப்பெட்டி வீடு. சொந்தக்காரர் வெளியூர். பார்த்துக்கொள்ள ஒரு ஏஜென்சி, அந்த ஏஜென்சிக்கு இதுமாதிரி நிறைய வீடு. ராத்திரி ஒரு மணிக்கு மொட்டைமாடியில் ஸ்பீக்கர் அலறினால் யாரைக் கூப்பிடுவது? ஆப்பில் இருக்கிற நம்பர் தங்குகிறவருக்குத்தான் தெரியும், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது. போலீசுக்குப் போன் பண்ணினால் வருகிறார்கள், சத்தம் குறைகிறது, அடுத்த வாரம் வேறு ஆட்கள், அதே சத்தம். நாங்கள் திட்டுவது ஒவ்வொரு வாரமும் புதுசாக வருகிற ஒரு பிள்ளைக்கூட்டத்தை. அவர்களுக்கு இது முதல் தடவை. எங்களுக்கு அப்படியில்லை.

இரண்டுக்கும் ஒரே பெயர், ஹோம்ஸ்டே. அக்கா வீட்டையும் அந்த வீட்டையும் ஒரே கணக்கில் வைத்துப் பேசுவதால்தான் இந்த விவாதம் எப்போதும் 'டூரிசம் வேணுமா வேண்டாமா' என்று முட்டுச்சந்தில் போய் நிற்கிறது. வருகிறவர்களால் வருகிற சிக்கல் சின்னது. வீட்டில் ஆள் இல்லாததால் வருகிற சிக்கல்தான் பெரியது.

அது எவ்வளவு பெரியது என்று ஃபெஞ்சல் புயலில் பார்த்தோம். 2024 நவம்பர் 30 ராத்திரி. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை, அப்படி ஒரு மழையை இந்த ஊர் பார்த்ததில்லை. ரெயின்போ நகரும் கிருஷ்ணா நகரும் மூழ்கின. எங்கள் தெரு கொஞ்சம் மேடு, தண்ணீர் தெருவோடு போய்க்கொண்டிருந்தது. ஆபத்து மேலிருந்து வந்தது. எங்கள் பக்கத்து வீடுகளுக்குப் பொதுச்சுவர். ஒரு வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர் தேங்கினால் அடுத்த வீட்டுச் சுவர் ஊறும். மழைக்காலத்தில் மாடி வடிகாலில் இலை அடைத்துக்கொள்ளாமல் கையை விட்டு எடுத்துவிடுவது ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் செய்கிற வேலை. அந்தப் பூட்டுப்பெட்டி வீட்டில் அதைச் செய்ய யார்? உள்ளே நாலைந்து பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள், வார இறுதிக்கு வந்த பிள்ளைகள். மாடிக்கதவுக்குப் பூட்டு, சாவி ஏஜென்சியிடம், ஏஜென்சி ஆள் வில்லியனூரில், வர வழியில்லை. சொந்தக்காரர் போன் எடுக்கவில்லை. கடைசியில் எங்கள் தெருப் பையன்கள் இரண்டு பேர் அடுத்த வீட்டு மாடியிலிருந்து கைப்பிடிச்சுவர் தாண்டிக் குதித்து, முழங்கால் தண்ணீரில் தடவி வடிகாலைத் திறந்தார்கள். அந்தப் பிள்ளைகளை அக்கா தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய் ரசம் சாதம் போட்டார். நல்ல பிள்ளைகள். ஊருக்குப் போய்க் கூரியரில் இனிப்பு அனுப்பினார்கள். சொந்தக்காரர் அப்புறமும் யாரையும் கூப்பிட்டு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

பூட்டிய வீடு எங்களுக்குப் புதிதா என்று கேட்கலாம். சொல்தா வீடுகள் எப்போதுமே உண்டே? பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரிஸ் பக்கம் போய்விட்ட குடும்பங்களை அப்படித்தான் சொல்வோம். வருடத்தில் பாதி நாளுக்கு மேல் அவர்கள் வீடு பூட்டித்தான் இருக்கும். இரண்டாவது வீடு என்ற வழக்கத்தை எங்களுக்குக் காட்டியவர்களே அவர்கள்தான். ஆனால் வாசல் அறையில் ஒரு கிழவியோ, தூரத்து உறவோ, பழைய வேலைக்காரக் குடும்பமோ இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் அவர்கள் வந்தால் தெருவுக்கே தெரியும், சாக்லேட்டும் சென்ட்டும் எல்லா வீட்டுக்கும் வரும். கோவில் திருவிழா வசூலுக்கு பிரான்சிலிருந்து பணம் வந்துவிடும். இப்போது அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் பலர் விற்கிறார்கள். வாங்குகிறவர்களுக்கு அது முதலீடு. திருவிழா நோட்டை எடுத்துக்கொண்டு போனால் கதவைத் தட்டத்தான் முடிகிறது, திறக்க ஆள் கிடையாது. மனிதர்கள் கெட்டுப்போய்விட்டார்கள் என்று புலம்பவில்லை, முதலீட்டுக்குத் திருவிழா கிடையாது, அவ்வளவுதான்.

குப்பங்களில் நிலைமை இன்னும் கூர்மை. வடக்கே தந்திராயன்குப்பம் கடற்கரையை செரினிட்டி பீச் என்று சொன்னால்தான் இப்போது வெளியூர்க்காரர்களுக்குப் புரியும். தெற்கே வீராம்பட்டினம், நரம்பை, மூர்த்திக்குப்பம் வரைக்கும் கடலோர மனையைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். மீன்பிடிக்கிறவருக்குக் கடல் பக்கத்தில் வீடு இருப்பது தொழில். வலை காய வேண்டும், படகு கண்ணில் பட வேண்டும், காற்று மாறினால் தெரிய வேண்டும். அதே இடம் வார இறுதிக்காரருக்குக் காட்சி. காட்சிக்குக் கொடுக்கிற விலையைத் தொழில் கொடுக்க முடியாது. 2019-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையில் மீனவர் உள்ளிட்ட உள்ளூர் மக்கள் தங்கள் வீட்டை, அதன் அளவையும் முகப்பையும் மாற்றாமல், ஹோம்ஸ்டேவாக நடத்த வழி வைத்திருக்கிறார்கள். நல்ல யோசனை. வீட்டுக்காரர் மீனவராகவே இருக்கிறவரை.

வெளிநாட்டில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பார்சிலோனா நகரம் 2028 நவம்பரோடு சுற்றுலாக் குடியிருப்பு உரிமங்கள் 10,101-ஐயும் புதுப்பிக்காமல் விடப்போவதாக 2024-ல் அறிவித்தது. நியூயார்க்கில் 2023 செப்டம்பரிலிருந்து, 30 நாளுக்குக் குறைவாக விட வேண்டுமென்றால் வீட்டுக்காரர் பதிவு செய்துகொண்டு அதே வீட்டில் இருக்க வேண்டும், இரண்டு விருந்தாளிக்கு மேல் கூடாது. அதனால் அங்கே வீட்டு வாடகை மளமளவென்று இறங்கிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் சொல்தாக்களின் பாரிஸில், தான் குடியிருக்கும் வீட்டை வருடத்துக்கு 120 நாள் வரை விடலாம் என்று இருந்ததை 2025-லிருந்து 90 ஆகக் குறைத்துவிட்டார்கள். இங்கே வருடம் முழுக்க வீட்டை ராத்திரி வாடகைக்கு விடுகிற குடும்பம் அங்கே 90 நாள் கணக்கு எண்ணிக்கொண்டிருக்கும்!

எனக்கு அதிகம் யோசனை தந்தது வேல்ஸ். பிரிட்டனின் மேற்கே, தனக்கென்று ஒரு மொழியை வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் நாடு. கடலோரக் கிராமங்களில் வெளியூர்க்காரர்கள் வீடு வாங்கி வாங்கி, அந்த மொழி பேசும் இளைஞர்கள் சொந்த ஊரில் வீடு எடுக்க முடியாமல் போனார்கள். 2022 அக்டோபரில் அங்கே திட்டமிடல் விதியில் வீடுகளை மூன்றாகப் பிரித்தார்கள்: குடியிருக்கும் வீடு, எப்போதாவது வந்துபோகும் இரண்டாவது வீடு, நாள் வாடகைக்கு விடும் வீடு. பார்த்தால் சின்னக் காகித வேலை. ஆனால் அந்தப் பிரிவினை இருந்தால்தான் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியும். 2023 ஏப்ரலிலிருந்து இரண்டாவது வீடுகளுக்கு வீட்டு வரிக்கு மேல் 300 சதவீதம் வரை கூடுதல் வரி போட உள்ளூர் மன்றங்களுக்கு அதிகாரம் வந்தது. 'நான் தொழில் நடத்துகிறேன், எனக்கு அந்த வரி வேண்டாம்' என்று சொல்கிறவர் வருடத்தில் 182 நாளாவது உண்மையிலேயே வாடகைக்கு விட்டிருக்க வேண்டும் என்றும் அப்போது விதி போட்டார்கள். க்வினெத் என்ற பகுதியின் மன்றம் இன்னும் ஒரு படி போய், குடியிருக்கும் வீட்டை மற்ற இரண்டு வகைக்கு மாற்றவே அனுமதி வாங்க வேண்டும் என்று 2024 செப்டம்பரில் கொண்டுவந்தது. வீட்டின் மதிப்பு விழுந்துவிடும் என்று எதிர்த்து அங்கேயும் கோர்ட்டுக்குப் போனார்கள். 182 நாள் என்பது குளிர்காலத்தில் ஆளே வராத ஊரில் எப்படி முடியும் என்று நேர்மையாகத் தொழில் செய்கிற சின்ன ஆட்களும் கத்தினார்கள். அந்தக் கத்தலில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. விதி போடும்போது அடிபடுவது முதலில் அக்கா மாதிரி ஆட்கள்தான். ஏஜென்சிக்கு ஆடிட்டர் இருப்பார்.

இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் செயின்ட் ஐவ்ஸ் என்ற ஊர் இன்னொரு பாடம். புதிதாகக் கட்டும் வீடுகளில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்தான் இருக்க வேண்டும் என்று 2016-ல் ஓட்டெடுப்பில் பெரும்பான்மையாகத் தீர்மானித்தார்கள். பழைய வீடுகளை அந்த விதி தொடவில்லை. என்ன ஆகும்? பணக்காரர்கள் புது வீட்டை விட்டுவிட்டுப் பழைய வீடுகளைத் தேடிப் போனார்கள். புது வீடு கட்டுகிறவர்களும் தயங்க ஆரம்பித்தார்கள். ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் பிதுங்குகிற விஷயம் இது.

எங்கள் ஊரில் பிதுங்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. புதுச்சேரியின் எல்லை எப்படிப்பட்டது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். முத்தியால்பேட்டையில் வண்டியைக் கிளப்பி ஐந்து நிமிடம் போனால் கோட்டக்குப்பம், அது விழுப்புரம் மாவட்டம். செரினிட்டி, சின்னமுதலியார்சாவடி, பெரியமுதலியார்சாவடி, ஆரோவில்லைச் சுற்றியுள்ள குயிலாப்பாளையம் எல்லாம் தமிழ்நாடு. தெற்கே கன்னியக்கோவிலைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். புதுச்சேரி மட்டும் ஒரு விதி போட்டால் கூட்டம் அப்படியே கோட்டக்குப்பத்துக்கு நகரும், ஆப்பில் மட்டும் 'பாண்டிச்சேரி' என்றே இருக்கும். மதுவிலையில் இந்த எல்லை விளையாட்டை நாங்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தாயிற்று. ஆகவே இரண்டு அரசும் சேர்ந்து உட்கார்ந்து பேசாமல் இது முழுதாகத் தீராது. அதற்காக ஒன்றும் செய்யாமல் இருக்கவும் முடியாது.

யார் செய்வது என்று கேட்டால்தான் உண்மையான கோளாறு வெளியே வரும். வேல்ஸில் முடிவெடுத்தது உள்ளூர் மன்றம். செயின்ட் ஐவ்ஸில் ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டார்கள். இங்கே? புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 38 வருடம் கழித்து 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அதன்பிறகு நடக்கவே இல்லை. 2021-ல் தேதி வரை அறிவித்து நின்றுபோனது. நகராட்சியை அதிகாரிகள் நடத்துகிறார்கள். மோசமாக நடத்துகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் வார்டுக்கு ஒரு கவுன்சிலர் கிடையாது. இந்தத் தெருவில் எத்தனை வீட்டில் ஆள் இருக்கிறது, எத்தனை வீட்டில் பூட்டுப்பெட்டி தொங்குகிறது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. புத்தாண்டு ராத்திரி ஒயிட் டவுனில் குடியிருப்பவர்கள் தங்கள் வீட்டுக்கு வண்டியில் போவதற்கே பாஸ் வாங்க வேண்டியிருக்கிறது. அந்த ஜனக்கூட்டத்துக்கு ஏற்பாடு செய்ய ஒரு ஆலோசனைக் கூட்டம் போட்டால், அதில் அந்தத் தெருக்காரர்களின் சார்பாக உட்கார ஓட்டு வாங்கிய ஒருவர் இல்லை.

சட்டமே இல்லை என்றும் சொல்ல முடியாது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்று முதல் ஆறு அறை வரை, பன்னிரண்டு படுக்கைக்கு மேல் கூடாது, வீட்டுக்காரர் குடும்பம் அங்கேயே வசிக்க வேண்டும். அக்கா வீட்டுக்கும் பூட்டுப்பெட்டி வீட்டுக்கும் உள்ள கோட்டை அந்தத் திட்டம் எப்போதோ போட்டுவிட்டது. அதை நகராட்சி தன் வரி நோட்டில் ஏற்றிக்கொண்டால் போதும். குடும்பம் வசித்துக்கொண்டே அறை விடுகிற வீட்டுக்கு வீட்டு வரி, வீட்டு மின்கட்டணம், சுலபமான பதிவு. ஆள் வசிக்காமல் நாள் வாடகைக்கு விடுகிற வீடு ஒரு லாட்ஜ். லாட்ஜுக்கு உள்ள வரி, லாட்ஜுக்கு உள்ள மின்கட்டணம், குப்பைக் கட்டணம், தீயணைப்புச் சான்று எல்லாம் அதற்கும். வாசலில் பதிவு எண்ணும், அரை மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய ஒரு உள்ளூர் ஆளின் போன் நம்பரும் எழுதி வைக்க வேண்டும். ஆப்பில் பதிவு எண் இல்லாத வீடு வரக்கூடாது. எண்ணிக்கை கையில் கிடைத்த பிறகு, தெருவுக்கு இத்தனைக்கு மேல் லாட்ஜ் வீடு வேண்டாம் என்று ஒரு வரம்பைப் பற்றிப் பேசலாம். எண்ணாமல் வரம்பு போட்டால் அது லஞ்சத்துக்குத்தான் வழி.

மாத வாடகைக்கு விடுகிறவருக்கும் ஏதாவது செய்ய வேண்டும், அதை யாரும் பேசுவதில்லை. வாடகைத் தகராறு ஆறு மாதத்தில் தீரும் என்ற நம்பிக்கை வந்தால், எங்கள் தெருவிலேயே இரண்டு மூன்று பேர் வார இறுதித் தலைவலியை விட்டுவிட்டு ஒரு ஆசிரியையையோ நர்ஸையோ குடிவைக்கத் தயார். பழைய வீட்டைச் சீர்செய்ய உதவித்தொகை கொடுப்பதாக இருந்தால், இத்தனை வருடம் குடியிருக்கிறவருக்கே விட வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுக்கலாம். தண்ணீரையும் இதோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். கடலோரத்தில் நிலத்தடி நீரில் உப்பு ஏறிக்கொண்டிருக்கிற ஊரில், மொட்டைமாடியில் குட்டி நீச்சல்குளம் வைத்த வில்லாவுக்கும் நாலு குடம் பிடிக்கிற வீட்டுக்கும் ஒரே வகை இணைப்பு என்றால் அது எந்த ஊர் நியாயம்?

இதில் பாதியை மனுவாக எழுதித் தெருவில் கையெழுத்து வாங்கினோம். அக்காவிடம் போனபோது கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். பதிவுக்கு ஒத்துக்கொண்டார். போன் நம்பர் எழுதி வைப்பதற்கும் சரி. வரம்பு என்ற இடத்தில் நிறுத்தினார்.

"நான் இருக்கற வரைக்கும் சரி. எனக்கப்புறம்? பையன் இங்க வரமாட்டான். விக்கத்தான் போறான். வாங்கறவன் வந்து குடியிருப்பானா? லாட்ஜ் ஆக்க முடியாதுன்னா வெல கொறையும்ல? அந்த நஷ்டம் என் பையனுக்குத்தான, ஒனக்கா?"

பதில் சொல்லக் கொஞ்சம் நேரமானது. விலை குறையும், ஆமாம். குறைந்தால்தான் குடியிருக்க நினைக்கிறவர் வாங்க முடியும். இன்று அந்த வீட்டுக்கு இருக்கிற விலையில் ஒரு பகுதி, அதை லாட்ஜாக ஓட்டலாம் என்ற நம்பிக்கையின் விலை. அந்த நம்பிக்கைக்கு அடி விழுந்தால் விற்கிறவருக்கு நஷ்டம், தெருவுக்கு ஒரு குடும்பம். இரண்டையும் ஒரேசமயத்தில் யாரும் தர முடியாது. யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை எங்களை மாதிரி ஆட்கள் திண்ணையில் முடிவு பண்ண முடியாது, அதற்குத்தான் மன்றம் வேண்டும், ஓட்டு வேண்டும் என்கிறேன். ஏற்கெனவே பதிவு செய்தவர்களுக்குப் பத்து வருட அவகாசம் கொடுக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"பத்து வருஷம்னா எழுது. பேனாவ குடு."

எழுதினேன். கையெழுத்துப் போட்டுவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதே, வருகிற ஞாயிற்றுக்கிழமை மாடி அறை ஒன்று காலி, யாராவது கேட்டால் அனுப்பச் சொன்னார். ஏசி இல்லாத அறை, அதையும் சொல்லிவிட வேண்டுமாம்.